பழைய கார் பட்டறை: முன்பாரம் குறைய என்ன வழி?

குளிர்காலம் முடிந்து கராஜ் கதவுகளைத் திறக்கிற நேரம். வந்த கடிதங்களில் பாதி, 60களின் அமெரிக்க மசில் கார்களுடைய, அதாவது பெரிய வி8 எஞ்சின் போட்ட வேக வண்டிகளுடைய, முன்பக்கக் கனம் பற்றியே இருக்கின்றன. ஆகஸ்டில் டெட்ராய்ட் பக்கம் நடக்கிற உட்வர்ட் அவென்யூ பழைய கார் ஊர்வலத்துக்குள் வண்டியைத் தயார் செய்ய வேண்டும் என்ற அவசரம் போல. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: என்னிடம் 1969 முஸ்டாங் மாக் 1 இருக்கிறது. 428 கோப்ரா ஜெட் எஞ்சின், பானட்டில் ஷேக்கர் ஸ்கூப் (மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காற்று வாய்). நேர் ரோட்டில் பறக்கிறது. வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் மட்டும் மூக்கு நேராகவே போகப் பார்க்கிறது. பானட், ஃபெண்டர், பம்பர் எல்லாவற்றையும் ஃபைபர் கிளாஸில் மாற்றிவிடு என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா?
— கே.எஸ்., ட்ராய், மிச்சிகன்

தம்பி, உங்கள் நண்பர்கள் கண்ணுக்குத் தெரிகிற தகரத்தைப் பார்க்கிறார்கள். கனம் தகரத்தில் இல்லை, உள்ளே உட்கார்ந்திருக்கிற வார்ப்பிரும்பில் இருக்கிறது. அதே ஆண்டு முஸ்டாங்கில் வந்த 302 எஞ்சின் (இந்த எண்கள் எல்லாம் கன அங்குலத்தில் எஞ்சினின் கொள்ளளவு) ஏறக்குறைய 210 கிலோ. உங்கள் 428 சுமார் 295 கிலோ. இந்த 85 கிலோ வித்தியாசம் முழுவதும் முன் சக்கரங்களின் தலையில்தான் விழுகிறது. அதனால்தான் வண்டியின் மொத்த எடையில் 60 சதவீதத்துக்கு நெருக்கமாக முன்னால் நிற்கிறது.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் வண்டியை எடை போடுங்கள். ஹைவே ஓரத்தில் லாரிகள் நிற்கிற இடங்களில் கேட் ஸ்கேல் எடைமேடை இருக்கும். முன் சக்கரம் ஒரு தட்டிலும் பின் சக்கரம் அடுத்த தட்டிலும் நிற்கும்படி ஏற்றினால் இரண்டையும் தனித்தனியாக அச்சிட்டுத் தருவார்கள். பெட்ரோல் டாங்க் எந்த அளவில் இருந்தது என்பதைச் சீட்டின் பின்னால் எழுதி வையுங்கள். வேலை முடிந்து மறுபடி எடை போடும்போது டாங்க் அதே அளவில் இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் டாலரைக் கொட்டிவிட்டு, "குறைந்த மாதிரி இருக்கிறது" என்று சொல்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

முதல் வேலை இன்டேக் மேனிஃபோல்டு, அதாவது கார்புரேட்டரில் இருந்து சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் போகிற வார்ப்பு. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மற்ற வி8 எஞ்சின்களில் இன்டேக் இரண்டு சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் அடக்கமாக உட்காரும். ஃபோர்டின் எஃப்.இ. குடும்பத்தில், அதாவது 352, 390, 427, 428 எல்லாவற்றிலும், அது ராக்கர் மூடிக்கு அடியில் வரை நீண்டு ஹெட்டின் ஒரு பாகமாகவே ஆகிவிடும். அதனால் இரும்பில் வார்த்தால் ஏறக்குறைய 36 கிலோ. அலுமினியத்தில் 14 கிலோவுக்குள் முடிந்துவிடும். ஒரே ஒரு சாமானை மாற்றி 22 கிலோ! அதுவும் எஞ்சினின் உச்சியில் இருந்து இறங்குகிற கனம் என்பதால் வண்டியின் சாய்வும் கொஞ்சம் குறையும்.

எதை வாங்குவது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உங்கள் ஷேக்கர் பானட்டோடு சேர்ந்ததல்ல, ஏர் கிளீனரின் மேல் நிற்கிறது. உயரமான இன்டேக்கைப் போட்டால் ஸ்கூப்பும் அந்த அளவுக்குப் பானட்டுக்கு மேலே தலையை நீட்டும். கோப்ரா ஜெட்டின் இரும்பு இன்டேக், போலீஸ் வண்டிகளுக்கான 428-இல் ஃபோர்டு போட்ட அலுமினிய இன்டேக்கின் இரும்பு நகல்தான். ஆகவே "போலீஸ் இன்டர்செப்டர்" வகை அலுமினிய இன்டேக்கைத் தேடுங்கள். உயரம் மாறாது, நீல ஃபோர்டு பெயின்ட் அடித்துவிட்டால் பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கும் தெரியாது.

மாற்றுகிற விதம்: தண்ணீரை வடித்துவிடுங்கள். ஒன்றாம் சிலிண்டரை உச்சிக்குக் கொண்டுவந்து, டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு அதைக் கழற்றுங்கள். இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் இன்டேக்கின் ஊடாகத்தான் இறங்குகிறது. வால்வுகளை இயக்குகிற புஷ்ராடு கம்பிகளும் அதற்குள் புகுந்துதான் மேலே வருகின்றன. அதனால் ராக்கர் ஷாஃப்டைக் கழற்றாமல் இன்டேக் அசையாது. ஷாஃப்ட் போல்ட்டுகளை ஒன்றை முழுக்கக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள், எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றி அரை அரைத் திருப்பாகத் தளர்த்துங்கள். இல்லாவிட்டால் ஷாஃப்ட் வளைந்துவிடும். 16 புஷ்ராடுகளையும் ஓர் அட்டையில் ஓட்டை போட்டு, வரிசை மாறாமல் குத்தி வையுங்கள். பிறகு கார்புரேட்டர் உட்காரும் இடத்தில் பட்டையைப் போல்ட் போட்டுச் சங்கிலியை மாட்டி, எஞ்சின் தூக்கியால் தூக்குங்கள். ஃபெண்டர் மேல் குனிந்து 36 கிலோவைக் கையால் தூக்குகிறேன் என்று யாராவது வந்தால் காபி கொடுத்து உட்கார வையுங்கள். திரும்பப் பூட்டும்போது முன்னும் பின்னும் வருகிற கார்க் சீலைக் குப்பையில் போட்டுவிட்டு, அங்கே சிலிக்கான் பசையைக் கனமாக ஒரு கோடு இழுங்கள். கார்க் நழுவித்தான் இந்த எஞ்சின்களில் பின்னால் ஆயில் ஒழுகுகிறது.

அடுத்தது அலுமினிய சிலிண்டர் ஹெட். ஜோடிக்கு 20 கிலோ வரை குறையும். ஆனால் விலை கொள்ளை. எஞ்சினை எப்படியும் பிரிக்கப் போகிறீர்கள் என்றால் செய்யுங்கள், கனத்துக்காக மட்டும் பிரிக்காதீர்கள். இரும்புப் புகைவழிக்குப் பதில் குழாய் ஹெட்டர் போட்டால் ஏழெட்டுக் கிலோ போகும். ஆனால் இந்த வண்டியில் முன் ஸ்பிரிங்கைத் தாங்குகிற ஷாக் டவர்கள் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்பதால், எஞ்சின் மவுன்டைக் கழற்றி எஞ்சினைத் தூக்கிப் பிடித்தால்தான் ஹெட்டர் உள்ளே போகும். மறந்துபோன கெட்ட வார்த்தைகள் எல்லாம் அன்றைக்கு ஞாபகம் வரும். அலுமினிய ரேடியேட்டர், அலுமினிய வாட்டர் பம்ப், சின்ன வகை செல்ஃப் மோட்டார் மூன்றும் சேர்ந்து ஒன்பது கிலோ அளவுக்கு வரும், அரை நாள் வேலை.

இப்போது கூட்டிப் பாருங்கள். வண்டி 1,650 கிலோ, முன்னால் 970 என்று வைத்துக்கொள்வோம், 59 சதவீதம். இன்டேக் 22, ஹெட் 20, ஹெட்டர் 7, சில்லறைச் சாமான்கள் 9. ஆக 58 கிலோ. பேட்டரியையும் டிக்கிக்கு மாற்றினால் முன்னால் இன்னும் 22 கிலோ இறங்கும் (கணக்கு அடுத்த பதிலில்). முன்பக்கம் 890, மொத்தம், பேட்டரிக்கு இழுக்கிற மூன்று கிலோ கேபிளையும் சேர்த்து, 1,595. சதவீதம் 56-க்குக் கீழே வந்துவிட்டது. பாடியில் ஒரு தகரத்தைக்கூடத் தொடவில்லை.

பானட்டை மட்டும் ஃபைபரில் போட்டால் பத்துப் பன்னிரண்டு கிலோ கிடைக்கும், உண்மைதான். ஆனால் ஒன்று: இரும்பு பானட்டுக்காகச் செய்த கீல் ஸ்பிரிங் அசுர பலம் கொண்டது. ஃபைபரை மாட்டிவிட்டு மூடினால் பானட் நடுவில் வில்லாக வளையும், கொஞ்ச நாளில் கீல் பக்கம் வெடித்துவிடும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு முட்டுக்கம்பி வைக்க வேண்டும், அல்லது உள்ளே இரும்புச் சட்டம் ஒட்டிய பானட்டாக வாங்க வேண்டும். ஃபைபர் பம்பர் தெருவில் ஓடுகிற வண்டிக்கு வேண்டவே வேண்டாம். முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் அடித்தால் உங்கள் ரேடியேட்டர்தான் பம்பர்.

கடைசியாக ஒன்று, பலர் விட்டுவிடுவது. முன்னால் 80 கிலோ போனதும் அந்த கனத்துக்காக வைத்த காயில் ஸ்பிரிங் நிமிரும். மூக்கு முக்கால் அங்குலத்துக்கு மேலேயே எழுந்துவிடும், சக்கரங்கள் நிற்கிற கோணங்களான கேம்பர், டோ எல்லாம் மாறிவிடும். அப்படியே ஓட்டினால் முன்பைவிட மோசமாகத்தான் திரும்பும். "இவ்வளவு செலவழித்தும் ஒன்றும் இல்லையே" என்று எனக்குக் கடிதம் வரும். ஸ்பிரிங்கை மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்த பிறகுதான் வேலை முடிந்ததாக அர்த்தம். அப்படியே முன் கண்ணாடிக்கு அடியில் இருக்கிற கவுல் பகுதியிலும் ஷாக் டவரிலும் துரு இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். மிச்சிகன் உப்புச் சாலையில் வளர்ந்த முஸ்டாங் என்றால் கட்டாயம் பாருங்கள்.

கேள்வி: 1970 டாட்ஜ் சாலஞ்சர், 440. பேட்டரியை டிக்கிக்கு மாற்றினால் பெரிய வித்தியாசம் தெரியுமா? பேட்டரி 18 கிலோதானே? லித்தியம் பேட்டரி வாங்கி முன்னாலேயே வைத்துவிட்டால் என்ன?
— ஒரு வாசகர், மார்க்கம், ஒன்டாரியோ

மாட்டு வண்டியில் முன்பாரம் ஏறிவிட்டால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். வண்டிக்காரர் மூட்டையை இறக்க மாட்டார், அச்சுக்குப் பின்னால் தள்ளி வைப்பார். நீங்கள் செய்யப்போவதும் அதேதான்.

கணக்கு இது: 18 கிலோ பேட்டரி முன் அச்சுக்குப் பக்கத்தில் இருந்து, பின் அச்சையும் தாண்டி டிக்கிக்குப் போகிறது. ஏறக்குறைய 3.4 மீட்டர். உங்கள் வண்டியின் அச்சுக்கு அச்சு தூரம் 2.79 மீட்டர். 18-ஐ 3.4-ஆல் பெருக்கி 2.79-ஆல் வகுத்தால் 22 வரும். அதாவது முன்னால் 18 அல்ல, 22 கிலோ குறைகிறது. பின் அச்சுக்கு அப்பால் வைத்த கனம், நெம்புகோலாக நின்று மூக்கைத் தூக்கிக் கொடுக்கிறது. கேபிள் கனம் மூன்று கிலோ கூடும், பரவாயில்லை. வலது பக்கம் வையுங்கள், டிரைவர் இடது பக்கம் இருக்கிறார்.

ஃபோர்டு 1969-இல் பாஸ் 429 முஸ்டாங்கைச் செய்தபோது எஞ்சின் அத்தனை அகலம். முன்னால் பேட்டரிக்கு இடமே இல்லாமல் கம்பெனியே அதை டிக்கிக்கு அனுப்பியது. ஆகவே இது தெருமுனை யோசனை இல்லை.

ஆனால் கேபிள் வேலையில் சிக்கனம் பார்க்காதீர்கள். கனமான செம்புக் கேபிள், 1/0 அளவு. வண்டிக்கு அடியில் சைலன்சர் பக்கம் இழுக்காமல், உள்ளே கதவுப் படியின் ஓரமாக, கார்ப்பெட்டுக்கு அடியில் கொண்டுபோங்கள். தகரத்தில் நுழைகிற ஒவ்வொரு ஓட்டையிலும் ரப்பர் வளையம். பேட்டரியை விட்டு வெளியே வந்த உடனே, ஒரு கை நீளத்துக்குள் ஃபியூஸ். இந்தக் கேபிள் எங்காவது தேய்ந்து பாடியைத் தொட்டால், ஃபியூஸ் இல்லாத வண்டி நின்ற இடத்தில் எரியும். எர்த் கேபிளையும் டிக்கித் தகரத்தோடு விட்டுவிடாமல் எஞ்சின் பிளாக் வரை தனியாக இழுங்கள். 50 வருஷத்துத் துருப்பிடித்த ஸ்பாட் வெல்டுகளை நம்பி ஸ்டார்ட் செய்ய முடியாது. பேட்டரி பெட்டியிலிருந்து வெளியே வாயு போக ஒரு குழாய் வேண்டும். டிராக் ரேஸ் மைதானத்துக்குப் போவதாக இருந்தால், அமெரிக்க டிராக் ரேஸ் சங்கமான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிப்படி வண்டியின் பின்புறம் வெளியே ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வேண்டும். அதை அணைத்தால் எஞ்சினும் நிற்க வேண்டும். ஆல்டர்னேட்டர் தனியாகக் கரன்ட் கொடுத்து எஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்தால் தேர்வில் தோல்வி.

லித்தியம் பேட்டரி ஐந்தாறு கிலோதான், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். மார்க்கத்தில் ஏப்ரல் காலையில் என்ன குளிர் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் காலத்து வோல்டேஜ் ரெகுலேட்டரும் அதற்கு ஒத்துவராது. உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: 1970 ஷெவல் எஸ்.எஸ். 396, ஏ.சி. உண்டு, பவர் ஸ்டீயரிங் இல்லை. பார்க்கிங்கில் திருப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடுகிறது. முன்பக்க கனத்தைக் குறைத்தால் ஸ்டீயரிங் லேசாகிவிடும் என்கிறார் என் வீட்டுக்காரர். உண்மையா?
— எம்.ஆர்., ஹூஸ்டன்

கொஞ்சம் உண்மை அம்மா, முழு உண்மை இல்லை.

முதலில் ஒரு சின்ன விஷயம். உங்கள் வண்டியின் பேட்ஜில் 396 என்று இருந்தாலும் 1970-இல் உள்ளே இருப்பது 402 கன அங்குலம். பெயருக்கு மவுசு இருந்ததால் ஷெவர்லே பெயரை மாற்றவில்லை. 350 குதிரைத்திறன் ரகம் என்றால் இன்டேக் இரும்பு. 375 ரகத்தில் கம்பெனியே அலுமினியம் போட்டது. உங்களுடையது இரும்பாக இருந்தால் மாற்றுங்கள், பத்துக் கிலோவுக்கு மேல் போகும். ஏ.சி. கம்ப்ரசரையும் பாருங்கள். ஜி.எம்.மின் அந்தப் பழைய ஏ6 உருளை ஏறக்குறைய 15 கிலோ, எஞ்சினின் முன்னால் தொங்குகிறது. சான்டன் வகைச் சின்ன கம்ப்ரசர் அதில் பாதி. ஹூஸ்டனில் ஏ.சி.யைக் கழற்றுங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

இதெல்லாம் செய்தாலும் நிற்கிற வண்டியைத் திருப்புகிற பாரம் லேசாகத்தான் குறையும். அங்கே எதிரி வேறு: அகலமான ரேடியல் டயரும் காஸ்டரும் (சக்கரம் திரும்புகிற அச்சின் முன்பின் சாய்வு). இந்த வண்டிகளின் பழைய அலைன்மென்ட் அளவுகள் ரேடியலுக்கு முந்திய பயாஸ் பிளை டயருக்காக எழுதியவை, காஸ்டர் கிட்டத்தட்டச் சுழியம். ரேடியலுக்கு இரண்டு மூன்று டிகிரி பாசிட்டிவ் வைத்தால் ஹைவேயில் நேராக ஓடும், ஆனால் கை ஸ்டீயரிங் கனத்துவிடும். யாரோ அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். டயர் காற்றைப் பாருங்கள், அளவு அகலமாக இருந்தால் முன்னால் ஒரு சுற்று ஒல்லியாகப் போடுங்கள். அப்புறமும் வலித்தால் பவர் ஸ்டீயரிங் பூட்டிவிடுங்கள். கூடுகிற சில கிலோவைப் பற்றி வீட்டுக்காரர் கவலைப்பட்டால், ஒரு மாதம் அவரையே பார்க் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: போன்டியாக் கம்பெனியே ரேஸ் காரின் சேஸிஸில் ஓட்டை போட்டுக் கனம் குறைத்தது என்று படித்தேன். என் 1966 ஜி.டி.ஓ.வின் முன் சேஸிஸிலும் அப்படிப் போடலாமா?
— ஒரு மாணவர், ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

கூடாது.

நீங்கள் படித்தது 1963 கேட்டலினா. 14 வண்டிகள்தான். சேஸிஸில் நூற்றுக்கு மேல் ஓட்டை, முன்பக்கத் தகரம் எல்லாம் அலுமினியம், 421 சூப்பர் டியூட்டி எஞ்சின். "ஸ்விஸ் சீஸ்" என்று பட்டப்பெயர். அவை கால் மைல் நேராக ஓடி நிற்பதற்காகச் செய்தவை. பள்ளத்தில் விழுந்து, ரயில்வே கிராஸிங்கில் குலுங்கி வருஷக்கணக்கில் ஓடுவதற்கு அல்ல. அடுத்த ஆண்டு ஃபோர்டு தண்டர்போல்ட் வந்தது: ஃபேர்லேன் பாடியில் 427 எஞ்சின், முன்னால் ஃபைபர் கிளாஸ், ஜன்னலுக்குப் பிளெக்ஸிகிளாஸ், பேட்டரி டிக்கியில், உள்பக்க ஹெட்லைட் இரண்டையும் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியே கார்புரேட்டருக்குக் காற்று. 1968-இல் ஹெமி டார்ட், ஹெமி பாராகுடா இரண்டும் அதே வழி, கதவுத் தகரத்தை அமிலத்தில் கரைத்து மெலிதாக்கினார்கள். எல்லாமே ஒரு நோக்கத்துக்கான வண்டிகள். ஃபேக்டரி செய்தது என்பதற்காக நாமும் டிரில்லைத் தூக்கக் கூடாது தம்பி.

கேள்வி: இந்தத் தொல்லையே இல்லாத மசில் கார் எது?
— ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

சின்ன எஞ்சின் போட்டது. டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் 5 லிட்டர் வரம்பு இருந்ததால் பிறந்த கமாரோ இஸட்/28, முஸ்டாங் பாஸ் 302. கிறைஸ்லர் பக்கம் 340 எஞ்சின் போட்ட டார்ட். நேர் ரோட்டில் 440-காரன் உங்களைத் தாண்டிப் போவான், முதல் வளைவில் பிடித்துவிடலாம். 1969 டார்ட்டிலேயே 440-ஐத் திணித்தபோது பவர் ஸ்டீயரிங் பம்ப்புக்குக்கூட இடம் மிஞ்சவில்லை. பணம் ஒரு பொருட்டே இல்லை என்றால் அதே 1969-இல் முழு அலுமினிய 427 போட்ட இஸட்.எல்.1 கமாரோ. பெரிய எஞ்சின், கனம் மட்டும் சின்ன எஞ்சின் அளவு. மொத்தம் செய்தது 69. ஏலத்தில் வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் 428 கோப்ரா ஜெட்டில் அலுமினிய இன்டேக், ஹெட் போட்டுவிட்டேன். கழற்றிய இரும்பு இன்டேக்கும் ஹெட்டும் கராஜை அடைத்துக்கொண்டிருக்கின்றன. பழைய இரும்புக்குப் போடலாமா?
— டி.வி., கேரி, வட கரோலினா

போடாதீர்கள்! டார்ச் அடித்து வார்ப்பு எண்ணைப் பாருங்கள். ஹெட்டில் சி8ஓஇ என்று தொடங்கி என் என்ற எழுத்தில் முடிந்தால் அது அசல் கோப்ரா ஜெட் ஹெட். சி என்றால் 60கள், 8 என்றால் 1968, ஓ என்றால் ஃபேர்லேன் வரிசைக்காக வரைந்தது, இ என்றால் எஞ்சின் பிரிவு. இன்டேக்கிலும் அதே சி8ஓஇ இருக்கும். இரண்டையும் டீசலில் கழுவி, வெயிலில் காயவைத்து, பெயின்ட் இல்லாமல் வெறும் இரும்பு தெரிகிற பரப்பில் எல்லாம் கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் பையில் கட்டி அடுக்குங்கள். எந்த வண்டியில் இருந்து எப்போது கழற்றியது என்று ஒரு சீட்டும் வண்டி எண்ணும் உள்ளே போடுங்கள். என்றைக்காவது வண்டியை விற்றால், வாங்க வருகிறவர் பானட்டைத் திறந்ததும் அதைத்தான் முதலில் கேட்பார்.